பேட் வட்டமா, நீளமா, சதுரமா? மோட்டார் பிரிவென்டர் போர்டுக்கு யோசனை வேண்டும்

அம்பை மின்பணி

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் மோட்டார் வேலை செய்கிறேன். கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்களில் கிணற்று மோட்டாரை நம்பித்தான் கார், பிசானம் என்ற இரண்டு நெற்போகமும். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரின் காயில், அதாவது கம்பிச்சுருள், கருகிவிடும். அதனால் அப்படிப் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்றை நானே வரைந்து 20 போர்டு செய்து கொடுத்தேன். ஒற்றைப் பக்கச் செம்பு, பழுப்பு நிறப் பேப்பர் பினாலிக் தகடு. லேசர் பிரிண்ட் எடுத்து, அதை இஸ்திரிப் பெட்டியால் செம்பின் மேல் தேய்த்து ஒட்டி, மிச்சச் செம்பைப் பெரிக் குளோரைடில் கரைத்தவை.

சுற்றில் குறை இல்லை. ஆனால் ஓராண்டுக்குள் 6 போர்டு திரும்பி வந்துவிட்டன. ஆறிலும் ஒரே கோளாறு. ரிலே காலிலோ வயர் முறுக்கும் டெர்மினல் காலிலோ பற்றவைத்த ஈயம் கெட்டியாக நிற்கிறது. அதற்கு அடியில் இருந்த செம்பு வளையம் மட்டும் தகட்டை விட்டு எழும்பி, மின்சாரம் ஓடும் செம்புத் தடத்தோடு சேரும் இடத்தில் அறுந்திருக்கிறது.

பேட் என்பது பாகத்தின் காலைப் பற்றவைக்கும் அந்தச் செம்புத் திட்டு. எல்லாப் பேடும் 2.0 மிமீ வட்டம். ஐசிக்குத் துளை 0.8 மிமீ, ரிலேக்கும் டெர்மினலுக்கும் 1.3 மிமீ. அடுத்த தொகுதிக்குப் பேடின் வடிவத்தையே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். மென்பொருளில் வட்டம், நீள் வடிவம், சதுரம், முனை மழுங்கிய சதுரம், எண்கோணம் என்று எத்தனையோ இருக்கின்றன. எதை எங்கே வைப்பது?

வண்ணார்பேட்டை பழுதுக்கடை

தம்பி, கோளாறு உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 2.0 மிமீ வட்டத்தில் 1.3 மிமீ துளை போட்டால் சுற்றிலும் மிஞ்சுவது 0.35 மிமீ வளையம். அதைத் தகட்டோடு பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பசைப் படலம் மட்டும்தான். இரட்டைப் பக்கப் போர்டில் துளைக்குள்ளும் செம்பு இருக்கும்; ஆணி அடித்ததுபோல இரண்டு பக்கத்தையும் அது சேர்த்துப் பிடிக்கும். ஒற்றைப் பக்கத்தில் அந்தப் பிடிப்பு கிடையாது. பேப்பர் பினாலிக்கில் சூடு பட்ட பசை இன்னும் சீக்கிரம் இளகும்.

அந்த டெர்மினலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மோட்டார் ரூமில் ஒருவர் ஸ்குரூ டிரைவரை வைத்து முழு பலத்தோடு முறுக்குகிறார். டெர்மினல் லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டம் முழுவதும் அந்த 0.35 மிமீ வளையத்தின் மேல் இறங்குகிறது. செம்பு என்ன செய்யும்?

நான் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கண்கூடாகப் பார்த்தேன். தாமிரபரணிக் கரையில் மூழ்கிய மோட்டார் ரூம்களின் ஸ்டார்ட்டர் போர்டுகள் சாக்கு மூட்டையில் வந்தன. வண்டலைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து ஒவ்வொன்றாகப் பழுது பார்த்தேன். பெரிய பேட் உள்ள போர்டில் ரிலேயைக் கழற்றி மாட்டுவது 5 நிமிட வேலை. சின்ன வளையம் உள்ள போர்டில் பழைய ஈயத்தை உறிஞ்சும்போதே வளையமும் உறிஞ்சியோடு வந்துவிடும். பிறகு வயர் போட்டு ஒட்டுப் போட வேண்டியதுதான். பேட் வரையும்போது அதை ஒருநாள் கழற்றப் போகிறவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பற்றவைக்கும்போது எந்தப் பேடும் தாங்கும். மூன்றாம் தடவை தாங்குகிறதா என்பதுதான் கணக்கு.

பாளை வடிவமைப்பாளர்

அண்ணாச்சி சொல்வதை எண்ணில் போட்டுப் பார்க்கிறேன்.

2.0 மிமீ வட்டம், 1.3 மிமீ துளை: மிஞ்சும் செம்பு ஏறத்தாழ 1.8 சதுர மிமீ. அதே துளைக்கு 3.0 மிமீ வட்டம் வைத்தால் 5.7. விட்டத்தில் 1 மிமீதான் கூடியது, பிடிப்புப் பரப்போ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. மாத்திரை போன்ற நீள் பேட், அகலம் 2.5, நீளம் 4.0 வைத்தால் 7.3, நான்கு மடங்கு. வடிவத்துக்கு முன்னால் அளவைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வடிவம் எங்கே கைகொடுக்கிறது என்றால், பேடை எல்லாப் பக்கமும் பெரிதாக்க இடம் இல்லாத போது. உங்கள் 14 கால் ஐசியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்குக் கால் 2.54 மிமீ. 2.0 மிமீ வட்டம் வைத்தால் நடுவே 0.54 மிமீ சந்துதான் மிஞ்சும். இஸ்திரிப் பெட்டி முறையில் அதற்குள் ஒரு தடம் ஓட்ட முடியாது. அகலம் 1.5, நீளம் 2.5 என்று நீள் பேட் வைத்தால் சந்து 1.04 மிமீ ஆகிவிடும். 0.4 மிமீ தடம் ஒன்று ஓடலாம், இருபுறமும் 0.32 மிமீ இடைவெளி. துளை போக மிஞ்சும் செம்பு 2.76 சதுர மிமீ, வட்டத்தில் 2.64தான். சந்தும் அகலமாகிறது, செம்பும் குறையவில்லை. ஐசிக்கு நீள் பேட் வந்த காரணம் இதுதான். அழகுக்காக யாரும் நீட்டவில்லை.

நீளம் எந்தத் திசையில் என்பதில் கவனம் வேண்டும். கால் வரிசைக்குக் குறுக்காக நீட்ட வேண்டும். வரிசையோடு நீட்டினால் கிடைத்த சந்தும் போய்விடும்.

சேரன்மகாதேவி மாணவி

அக்கா, ஒரு சந்தேகம். 1.5 மிமீ அகலத்தில் 0.8 துளை போட்டால் பக்கவாட்டில் மறுபடியும் 0.35 மிமீதானே மிஞ்சுகிறது? நாங்கள் கல்லூரிச் செயல்திட்டத்துக்குக் கைத் துளைக் கருவியில் போட்டபோது பாதித் துளைகள் ஓரத்தில் போய்விட்டன. நீள் பேடில் ஒரு பக்கம் செம்பே இல்லாமல் பிறை நிலா போல ஆகிவிட்டது.

வண்ணார்பேட்டை பழுதுக்கடை

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள், தங்கச்சி. கையால் துளைப்பவர்களுக்கு அந்த ஆபத்து உண்டு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரிண்ட் எடுக்கும்போது பேடின் நடுவில் துளையை முழு அளவுக்குக் காட்டாமல் 0.4 அல்லது 0.5 மிமீ புள்ளியாக மட்டும் காட்டுங்கள். கரைத்து எடுத்ததும் அந்த இடத்தில் செம்பு போய்ச் சின்னக் குழி நிற்கும். துளை ஊசியின் முனை அதில் தானாக உட்காரும், வழுக்காது. முழு அளவுத் துளையைக் கரைத்து வைத்தால் ஊசி குழிக்குள் அலைந்து ஓரத்தைத் தின்னும்.

பேட்டை முன்னாள் பயிற்றுநர்

கைவேலை பற்றிய பேச்சு என்பதால் நானும் வருகிறேன். கணினி வருவதற்கு முன்பு பேடுகளை ஒட்டுத்தாளில் வளையம் வளையமாக வாங்கி, தெளிந்த பிலிமின் மேல் இரண்டு மடங்கு அளவில் ஒட்டுவோம். தடங்களுக்குக் கறுப்பு நாடா. பிறகு புகைப்பட முறையில் பாதியாகச் சுருக்குவார்கள். வளையத்தின் நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளிதான் துளை போடுபவருக்கு அடையாளம். அண்ணாச்சி சொன்ன 0.4 மிமீ குழி அந்த வெள்ளைப் புள்ளியின் வாரிசு.

வடிவங்கள் ஏன் இந்த நான்கைந்தோடு நின்றன என்பதற்கும் காரணம் உண்டு. பிலிமில் ஒளியால் வரையும் பழைய கருவியில் ஒரு சக்கரம் இருக்கும்; அதில் சில வடிவத் துளைகள்தான் பொருத்த முடியும். இன்றைக்கும் போர்டு வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஜெர்பர் கோப்பில் இயல்பாக உள்ள வடிவங்கள் வட்டம், செவ்வகம், மாத்திரை, ஒழுங்குப் பலகோணம் ஆகியவைதான். முனை மழுங்கிய செவ்வகம் வேண்டுமானால் மென்பொருள் அதைத் தனியாகக் கோத்துத்தான் அனுப்புகிறது.

எண்கோணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே அகலத்தில் வட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல் செம்பு கிடைக்கும், அவ்வளவுதான். இந்தப் போர்டில் அதற்கு வேலை இல்லை.

அம்பை மின்பணி

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் டெர்மினலுக்கும் 2.5க்கு 4.0 நீள் பேட் போட்டுவிடுகிறேன். மூன்று பேஸும் 5.08 மிமீ இடைவெளி டெர்மினலில் அடுத்தடுத்து வருகின்றன. சரிதானே?

பாளை வடிவமைப்பாளர்

நிறுத்துங்கள். இதில் உயிர் இருக்கிறது.

பேஸுக்கும் பேஸுக்கும் 415 வோல்ட். 5.08 இடைவெளியில் 2.5 மிமீ அகலப் பேட் வைத்தால் நடுவே 2.58 மிமீ தகடுதான் மிஞ்சும். ஐஇசி என்ற பன்னாட்டு மின்தர அமைப்பின் மின்காப்பு அட்டவணையில், 400 வோல்ட்டுக்குச் சாதாரணத் தகட்டின் மேற்பரப்பில் வேண்டிய தூரம், சுத்தமான உள்ளறையில் 4 மிமீ. ஈரமும் தூசியும் படியும் இடத்தில் 6.3 மிமீ. வயல் நடுவே இருக்கும் மோட்டார் ரூமை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பல்லி ஓடுகிறது, எறும்பு புற்றுவைக்கிறது, ஐப்பசி மழையில் சுவர் வியர்க்கிறது. இரண்டாவது கணக்குதான். உங்கள் பழைய 2.0 மிமீ வட்டத்திலும் 3.08 மிமீதான் இருந்தது, அதுவும் போதாது.

தீர்வு கடினமானதல்ல. 5.08 டெர்மினலிலேயே பேஸ்களுக்கு நடுவே ஒவ்வொரு காலைக் காலியாக விடுங்கள். காலி இடத்தில் காலும் வேண்டாம், பேடும் வேண்டாம். இடைவெளி 10.16 ஆகிவிடும், 2.5 மிமீ அகலப் பேட் போக 7.66 மிமீ மிஞ்சும். நீள் பேடை இங்கேயும் வரிசைக்குக் குறுக்காக வையுங்கள். பலர் டெர்மினலுக்குப் பெரிய சதுரப் பேட் போடுவதைப் பார்க்கிறேன். சதுரம் நான்கு பக்கமும் சமமாக இடத்தைத் தின்கிறது. நீங்கள் பிடிப்பைத் தேடுகிறீர்கள். பிடிப்பை வெளிப்புறமாகத் தேடுங்கள், பக்கத்து பேஸை நோக்கித் தேடாதீர்கள்.

ரிலேயிலும் இதே கவனம் வேண்டும். தொடுமுனைக் கால் 415 வோல்ட்டில் இருக்கிறது, காயில் கால் 12 வோல்ட்டில் இருக்கிறது. தொடுமுனைப் பேடைக் காயில் பக்கம் நீட்டாதீர்கள். துளை பேடின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போர்டு வரையும் கிகேட் மென்பொருளில் துளையை ஓரமாகத் தள்ளி வைக்கலாம். காலுக்கு வெளிப்புறம் மட்டும் செம்பை நீட்டுங்கள்.

சேரன்மகாதேவி மாணவி

சதுரப் பேடின் கூர்முனையில் மின்புலம் குவியும் என்று படித்தோம். அதனாலும் சதுரம் கூடாதா?

பேட்டை முன்னாள் பயிற்றுநர்

குவியும் என்பது உண்மை, அம்மா. ஆனால் அது கிலோவோல்ட் கணக்கில் போகும் போர்டுகளில் கவலைப்பட வேண்டியது. 415 வோல்ட்டில் உங்கள் எதிரி ஈரமும் தூசியும்தான்.

வண்ணார்பேட்டை பழுதுக்கடை

சதுரத்தை எல்லோரும் திட்டுவதால் அதற்காக நான் பேசுகிறேன். ஐசியின் முதல் காலுக்குச் சதுரம் வைப்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

போன பிசானத்தில் மூலைக்கரைப்பட்டி பக்கம் ஒரு மோட்டார் ரூமுக்குப் போனேன். மாலை ஆறரை மணி, மின்சாரம் இல்லை, பயிர் தண்ணீருக்கு நிற்கிறது. போர்டைத் திருப்பிப் பிடித்தால் தெரிவது செம்புப் பக்கம் மட்டும். எழுத்தெல்லாம் மறுபக்கத்தில், பாகங்களுக்கு அடியில். அலைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு பார்க்கிறேன்: 14 புள்ளிகள், எல்லாம் ஒரே வட்டம். எது 1, எது 8 என்று எப்படிச் சொல்வது? போர்டைத் திருப்பித் திருப்பி ஐசியின் பள்ளத்தைப் பார்த்து மனத்துக்குள் கண்ணாடிப் பிம்பம் போட்டு எண்ணினேன். ஒரு சதுரம் இருந்திருந்தால் அங்கிருந்து எண்ணிக்கொண்டு போயிருப்பேன். அந்தச் சதுரத்துக்குக் காசு செலவில்லை. வரைகிறவர் ஒரு தட்டு தட்டினால் போதும்.

பாளை வடிவமைப்பாளர்

முழுவதும் ஒப்புக்கொள்கிறேன், அண்ணாச்சி. ஆனால் சதுரத்தால் ஒரு குழப்பமும் வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சதுரம் என்றால் முதல் கால். முதல் கால் என்றால் எது என்பது பாகத்துக்குப் பாகம் மாறும். கிகேட் நூலகத்தில் டயோடுக்கும் எல்இடிக்கும் முதல் கால் கேதோடு, எதிர்முனை. அதாவது பட்டை இருக்கும் பக்கம். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்கோ முதல் கால் நேர்முனை. ஆகவே ஒரே போர்டில் டயோடின் சதுரம் எதிர்ப்பக்கத்தையும் மின்தேக்கியின் சதுரம் நேர்ப்பக்கத்தையும் காட்டும்.

இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு போர்டில் 1000 மைக்ரோபாரட் மின்தேக்கியை மாற்றியவர், பக்கத்திலிருந்த டயோடுகளைப் பார்த்துச் சதுரம் என்றால் எதிர்முனை என்று முடிவு செய்துவிட்டார். மின்சாரம் கொடுத்தபோது தலை புடைத்து வெடித்தது. கண்ணில் படாமல் போனது புண்ணியம். மாற்றியவர் மேல் நான் பழி போடமாட்டேன். போர்டு அவருக்குத் தவறான சேதியைச் சொன்னது. அன்றிலிருந்து மின்தேக்கி எதுவானாலும் சதுரத்தை மட்டும் நம்பாமல், நேர்முனைக்குப் பக்கத்தில் செம்பிலேயே ஒரு கூட்டல் குறி வரைகிறேன். அம்பை தம்பியின் போர்டில் எழுத்து அச்சே இல்லை என்பதால் அவருக்கு இது கட்டாயம்.

அம்பை மின்பணி

குறித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். தடம் பேடோடு சேரும் இடத்தைக் கண்ணீர்த்துளி போல அகலமாக்குகிறார்களே, அது வெறும் அலங்காரமா? முனை மழுங்கிய செவ்வகம் எதற்கு?

வண்ணார்பேட்டை பழுதுக்கடை

அலங்காரம் இல்லை. உங்கள் 6 போர்டிலும் செம்பு எங்கே அறுந்தது? தடம் பேடோடு சேரும் கழுத்தில். அகலத் தடமும் கண்ணீர்த்துளியும் இருந்தால் ஆட்டம் அந்த ஒரு கோட்டில் போய்க் குவியாது. துளை கொஞ்சம் ஓரம் போனாலும் தடத்தின் பக்கம் செம்பு மிஞ்சும். ரிலே, டெர்மினல், டிரான்ஸ்பார்மர் என்று கனமானவை எல்லாவற்றுக்கும் போடுங்கள். கால்வாட் ரெசிஸ்டருக்குத் தேவையில்லை. அது தன் எடையை எங்கேயும் காட்டாது.

பாளை வடிவமைப்பாளர்

முனை மழுங்கிய செவ்வகம் மேற்பரப்பில் ஒட்டும் பாகங்களுக்கு. உங்கள் போர்டில் இப்போது அவை இல்லை, ஆனாலும் காரணத்தைச் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் துளையுள்ள மெல்லிய எஃகுத் தகட்டின் வழியாக ஈயப் பசையைத் தேய்க்கிறார்கள். துளையின் முனை கூராக இருந்தால் பசைத் துகள்கள் அந்த மூலையில் ஒட்டிக்கொண்டு போர்டில் இறங்காமல் நிற்கும். மூலை வளைந்திருந்தால் பசை முழுதாக இறங்கும். இது ஒன்று. மற்றொன்று, ஈயமில்லாத கலவைகள் பழைய ஈயக் கலவை போலத் தாராளமாகப் பரவுவதில்லை. 63க்கு 37 வெள்ளீய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகிப் பேடின் நான்கு மூலைக்கும் ஓடும். 96.5 வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு சேர்ந்த கலவை உருக 217 டிகிரியைத் தாண்ட வேண்டும். உருகிய பிறகும் கூர்மூலை வரை போகாமல் நின்றுவிடும். போகாத மூலையில் வெறும் செம்பை வைத்து என்ன பயன்? கிகேட் நூலகத்தின் வழக்கம், குறுகிய பக்கத்தில் 25 சதவீதம் வளைவு, அதிகபட்சம் 0.25 மிமீ.

நீங்கள் பிற்காலத்தில் மேற்பரப்பில் ஒட்டும் 0805 அளவு ரெசிஸ்டருக்கு மாறினால், அதே நூலகத்தில் கையால் பற்றவைப்பதற்கென்று பேடை வெளிப்புறம் நீட்டிய வடிவம் தனியாக இருக்கிறது. அதை எடுங்கள். பற்றவைக்கும் அயர்னின் முனை உட்கார அந்த நீட்டம் வேண்டும். ஆனால் பக்கத்துக்கு ஒரு அளவாகப் பேட் வைத்துவிடாதீர்கள். ஈயப் பசையை உருக்கும் சூளையில் ஒரு பக்கம் முன்னதாக உருகினால் பாகம் அந்தப் பக்கம் இழுபட்டுச் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும்.

வண்ணார்பேட்டை பழுதுக்கடை

ஒன்று விட்டுவிட்டேன். பேடைப் பெரிதாக்கச் சொன்னேன் அல்லவா, பெரிதாக்கினால் முழுவதும் ஈயம் பூசுங்கள். வெள்ளத்தில் வந்த கைவேலைப் போர்டுகளில் ஈயம் மூடிய பகுதி பிழைத்திருந்தது. மூடாமல் விட்ட செம்பு பச்சை பூத்துத் தடம்வரை அரித்திருந்தது. செம்பை மூடிக் காக்கும் பச்சைப் பூச்சும் உங்கள் போர்டில் கிடையாது. வேலை முடிந்ததும் பற்றவைக்கப் பூசிய பிளக்ஸைத் துடைத்துவிட்டு மேலே வார்னிஷ் ஒரு கை அடித்துவிடுங்கள்.

அம்பை மின்பணி

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இந்த முறை தகட்டையும் மாற்றிவிட்டேன், கண்ணாடி இழை சேர்ந்த கிளாஸ் எபாக்சி. 12 போர்டு. டெர்மினலில் பேஸ்களுக்கு நடுவே கால் காலியாக விட்டு, 2.5க்கு 4.0 நீள் பேட் குறுக்காக வைத்தேன். ரிலேக்குத் துளையை ஓரம் தள்ளி வெளிப்புறம் நீட்டிய பேட், கண்ணீர்த்துளியோடு. ஐசிக்கு 1.5க்கு 2.5, முதல் கால் மட்டும் அதே அளவில் செவ்வகம், ஏனென்றால் சதுரமாக அகலப்படுத்தினால் சந்து போகிறது. மின்தேக்கிக்குச் செம்பில் கூட்டல் குறி. டயோடுக்குப் பட்டைப் பக்கத்தில் சின்னக் கோடு. நடுவில் 0.4 மிமீ குழி வைத்ததால் ஒரு துளைகூட ஓரம் போகவில்லை.

ஒரு போர்டை வண்ணார்பேட்டைக்கு எடுத்துப்போய் அண்ணாச்சியிடமே கொடுத்தேன்.

வண்ணார்பேட்டை பழுதுக்கடை

கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே ரிலேயைக் கழற்றி மாட்டினேன், நான்கு தடவை. நான்காம் தடவையும் ஐந்து பேடும் தகட்டோடு கிடந்தன. டெர்மினலில் 4 சதுர மிமீ வயரை முறுக்கி இழுத்தும் பார்த்தாயிற்று, அசையவில்லை.

தம்பி, ஒரே ஒரு திருத்தம். அந்தக் கூட்டல் குறி பேடை ஒட்டி நிற்கிறது. போர்டில் பச்சைப் பூச்சு இல்லாததால் பற்றவைக்கும்போது ஈயம் குறியின் மேலும் வழிந்து ஒரே உருண்டையாகிவிட்டது, குறி தெரியவில்லை. அடுத்த பிரிண்டில் 1 மிமீ தள்ளி வையுங்கள்.